வெண்டர் பெட்டியில் போன கேரம் போர்டு

2024 ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் தலையில் ஒரு கேரம் போர்டை வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நின்றேன். ஆடுகிற பரப்பு மட்டும் 74 சென்டிமீட்டர், சுற்றிலும் கட்டை வேறு. மூன்றடிக்கு மூன்றடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கயிறு கட்டியிருந்தேன். அப்படி ஒரு சுமை தலையில் இருந்தால் எதிரில் வருகிறவர்களின் முகம் தெரியாது. கால்தான் தெரியும்.

வண்டி வந்ததும் சாதாரணப் பெட்டியில் ஏறப் பார்த்தேன். வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பையன், "இன்னாண்ணா, கட்டில தூக்கிக்கினு வர்ற?" என்றான். அடுத்த பெட்டிக்கு ஓடினேன். அது வெண்டர் பெட்டி. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு வடக்கே விற்கப் போகிற அம்மாக்கள் நாலைந்து பேர் கூடையும் அலுமினியத் தட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காலை மடக்கிக்கொண்டு இடம் விட்டார்.

"அத்த அப்டி சாத்தி வெய்யி நைனா. இன்னாது இது?"

"கேரம் போர்டும்மா. மாமியார் ஊட்டுக்கு எடுத்துக்கினு போறேன்."

"மாமியார் ஊட்டுக்குப் பலகாரம் எடுத்துக்கினு போவாங்க. நீ பலகைய எடுத்துக்கினு போறியா?"

பெட்டி முழுக்கச் சிரிப்பு. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று வண்டி நின்று நின்று போனது. அத்திப்பட்டு தாண்டும்போது பார்த்தால் போர்டின் மேல் ஒரு சங்கராக் கூடை ஏறி உட்கார்ந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்ஷீட்டைத் துவைத்துவிட்டேன், ஆனால் அந்த வாசனை முழுசாகப் போகவில்லை.

அந்தப் போர்டு ஏன் ஊரை விட்டுப் போனது என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் கிளப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

வடசென்னையில் கேரம் ஆட இடமில்லாத பகுதியைத் தேடினால்தான் கிடைக்கும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, எங்கே போனாலும் ஏதாவது ஒரு சந்துக்குள் 'டக்' என்று ஸ்ட்ரைக்கர் கட்டையில் மோதும் சத்தம் கேட்கும். எங்களுடையது தண்டையார்பேட்டையில் ஒரு சந்து. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே இரண்டு போர்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே தகரக் குடை போட்ட பல்பு. சுவரில் அம்பேத்கர் படம். பக்கத்தில் ஒரு நடிகர் படம். அது எந்த நடிகர் என்பதில் தலைமுறைக்குத் தலைமுறை சண்டை நடந்து, மூன்று தடவை படம் மாறியிருக்கிறது. வாசலுக்கு எதிர்ச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் 'காசு வைத்து ஆடக் கூடாது' என்று எழுதியிருந்தது. 'கூடாது' மேல் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்து எழுத்து தேய்ந்துபோய், இப்போது 'காசு வைத்து ஆட' வரைக்கும்தான் படிக்க முடியும்.

நான் அதற்குப் பதினோரு வருஷமாகப் பொருளாளர். வேலை என்னவோ மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுவது. பொருளாளர் என்றதும் பொருள் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நீள நோட்டு இருக்கும். அதில் யார் சந்தா கொடுக்கவில்லை என்று இருக்கும். ஒரு தடவை, 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் கிளப்பைப் பதிந்துவிடலாம் என்று கிளம்பினோம். ஏழு பேர் சேர்ந்தால் போதும். கையெழுத்துப் போட ஏழு பேர் உடனே வந்தார்கள். வருஷா வருஷம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும் என்று அங்கே சொன்னதும் அந்த ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். திரும்பி வந்து டீ குடித்தோம். அதோடு சரி.

கேரம் கிளப் என்று பெயரே ஒழிய, கேரம் அதில் பாதிதான். தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதலில் திறக்கிற கதவு எங்களுடையது. பிளாஸ்டிக் நாற்காலி நாற்பது, சாமியானாக்காரர் நம்பர், ஃப்ரீசர் பெட்டிக்கு யாரிடம் பேச வேண்டும், கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எந்த போட்டோ, ராத்திரி கானா பாட யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் எங்கள் பசங்களுக்கு அத்துப்படி. பெண்ணுக்குக் காதுகுத்து என்றால் அதே நாற்காலி. ஆடி மாதம் கூழ் ஊற்றினால் அதே அண்டா. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு எழுத வேண்டும் என்றால் போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வைத்து எழுதுவோம்.

சாவி எதிரில் இருக்கிற டீக்கடையில், ஆணியில் தொங்கும். டீக்கடை காலை நாலரைக்குத் திறந்து ராத்திரி பத்தரைக்கு மூடுவார்கள். அப்படியென்றால் கிளப்பும் அவ்வளவு நேரம்தான். யாரையும் கெஞ்ச வேண்டாம். கை நீட்டினால் சாவி. இதில் ஒரு விசேஷமும் இருப்பதாக எனக்கு முப்பது வருஷம் தோன்றியதே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஸ்டாண்டில் இருந்த போர்டு இரண்டு நாள் ஊறி, வடிந்த பிறகு பார்த்தால் பிளைவுட் அப்பளம் மாதிரி பொங்கியிருந்தது. ஸ்ட்ரைக்கரை விட்டால் மலையேறி இறங்கியது. இன்னொரு போர்டைப் பசங்க புத்தியாகப் பரணில் ஏற்றியிருந்தார்கள். அது தப்பியது. ஆனால் ஆடத்தான் ஆள் இல்லை. கொஞ்சம் பேர் ஏற்கெனவே பெரும்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டார்கள். பேருந்தில் அங்கிருந்து இங்கே வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பினால் பொழுது விடிந்துவிடும். கொஞ்சம் பேர் முதுகுவலி. மிச்சம் இருப்பவர்களில் சின்னவருக்கு நாற்பத்தொன்று வயது. எங்கள் பிள்ளைகள் கேரம் ஆடுகிறார்கள், கைப்பேசியில். விரலால் தள்ளினால் பவுடர் இல்லாமலே காய் வழுக்கிக்கொண்டு போகிறது. அதைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அந்தப் பொங்கலுக்குப் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் மாமியார் ஊருக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆரணி ஆற்றுக்குப் பக்கம், நெல்லு போடுகிற ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் மச்சான் சொன்னான்: "மாமா, எங்க ஊர்ல மன்றத்துக்குக் கொறச்சலே இல்ல. ஆனா சாயங்காலம் ஆனா குந்த எடம் இல்ல."

அப்போது எனக்குப் புரியவில்லை. அங்கே போய்ப் போய் இருந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

நகரத்துக்காரன் நினைப்பதற்கு மாறாக, ஒரு சின்னக் கிராமத்தில் எங்கள் பேட்டையில் இருப்பதை விட அதிகச் சங்கம் இருக்கிறது. இளைஞர் நற்பணி மன்றம் உண்டு. நேரு யுவ கேந்திரா காலத்திலிருந்து மாவட்டத்துக்கு மாவட்டம் கிராமத்து மன்றங்களைச் சேர்த்து விளையாட்டுப் போட்டி வைத்துக் கப் கொடுத்துப் பழக்கியதில், பல ஊர்களில் இப்படி ஒரு மன்றமும் ஒரு தகரப் பலகையும் இருக்கும். இந்த ஊர் மன்றம் வருஷத்தில் இரண்டு தடவை கண் விழிக்கும். பொங்கலுக்கு ஒரு தடவை: உறியடி, கயிறு இழுத்தல், மியூசிக்கல் சேர், பெண்களுக்குக் கோலப்போட்டி, பரிசு எவர்சில்வர் டப்பா. ஆடியில் இன்னொரு தடவை: வசூல் நோட்டு. வசூல் நோட்டைப் பற்றிச் சண்டை. அப்புறம் அடுத்த பொங்கல் வரைக்கும் தூக்கம்.

கிரிக்கெட் டீம் உண்டு. அறுப்பு முடிந்த வயலில் டென்னிஸ் பந்து ஆட்டம், சுற்றுப்பட்டு ஊர் டீம்களோடு. இவர்களுக்கு வெயில் காலம்தான் சீசன். நாற்று விட்டால் மைதானமே கிடையாது.

பஜனைக் கோஷ்டி உண்டு. என் கணக்கில் ஊரிலேயே மூத்த கிளப் அதுதான். பதிவு இல்லை, தலைவர் இல்லை, சந்தா இல்லை. மார்கழி வந்தால் விடியற்காலை நாலு மணிக்கு ஆர்மோனியமும் ஜால்ராவும் தானாகத் தெருவில் இறங்கும். என் மாமனார் இருந்தவரைக்கும் ஜால்ரா அவர்தான். பகலில் இருமிக்கொண்டே கிடப்பார். அந்த ஒரு மாதம் மட்டும் இருமலே வராது என்று மாமியார் இன்றைக்கும் சொல்லுவார்.

மகளிர் குழுக்கள் ஆறோ ஏழோ இருக்கின்றன. இவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன், கதையே அங்கேதான் போகிறது. இதெல்லாம் போக நூறு நாள் வேலை. அதைச் சங்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏரிக்கரை மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு முப்பது பெண்கள் பேசுகிற அந்த அரை மணி நேரத்தைப் பார்த்தால், எங்கள் கிளப்பில் நடக்கிற பேச்சு ஒன்றுமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அங்கே எல்லாமே இரண்டு. ஊருக்கு ஒரு மன்றம், காலனிக்கு ஒரு மன்றம். ஊருக்கு ஒரு பஜனைக் கோயில், காலனிக்கு ஒன்று. கிரிக்கெட் டீம்கூட இரண்டுதான். வெளியூரோடு மேட்ச் என்றால் மட்டும் பந்து போடுகிற பையனை இந்தப் பக்கத்திலிருந்து கடன் வாங்குவார்கள். என் மாமியார் வீடு காலனிப் பக்கம். எங்கள் சந்தில் இதெல்லாம் இல்லை என்று நான் பெருமை பேசப் போவதில்லை. சுவரில் யார் படம் மாட்டுவது என்று அடித்துக்கொண்டவர்கள்தான் நாங்களும். ஆனால் எங்களுக்கு ஒரே ஒரு அறைதான் இருந்தது. அடித்துக்கொண்டாலும் மறுநாள் அதே பல்புக்கு அடியில்தான் உட்கார வேண்டும்.

சரி, போர்டுக்கு வருவோம். பரணில் கிடக்கிற போர்டைக் கொடுத்துவிடலாமா என்று கிளப்பில் கேட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. எங்கள் கிளப்பிலேயே மூத்தவர், வயது எழுபதுக்குப் பக்கம், போர்டின் மேல் கையை வைத்து ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். "ஈரம் படாம பாத்துக்கச் சொல்லு" என்றார்.

போர்டை எங்கே வைப்பது? மச்சான் காலனி மன்றத்தில் வைக்கலாம் என்றான். அது ஓலைக் கொட்டகை, மழையில் ஒழுகும். பெரியவர் சொன்னது காதில் இருந்தது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில், தார் ரோட்டு ஓரம், ஊராட்சி நூலகக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், 2006-லிருந்து 2011-க்குள் தமிழ்நாடு முழுக்க ஊராட்சிக்கு ஊராட்சி நூலகமும் விளையாட்டுத் திடலும் என்று போட்டார்களே, அந்தக் காலத்துக் கட்டடம். உள்ளே இரண்டு அலமாரிப் புத்தகம், ஒரு நீள மேஜை, மின்விசிறி. ஒழுகாத கூரை. அதை விட நல்ல இடம் கிடையாது. அதுவும் எந்தப் பக்கமும் சேராத இடம்.

ஒரே ஒரு குறை, அது பூட்டியிருக்கும். சாவி வைத்திருந்தவருக்கு நாலு வேலை. தண்ணீர் டேங்க் மோட்டார் போட வேண்டும், தெருவிளக்கு பார்க்க வேண்டும், சொந்த நிலத்துக்குப் போக வேண்டும். நல்ல மனிதர்தான், கேட்டால் கொடுப்பார். ஆனால் கேட்க வேண்டும். அவரைத் தேடிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து, கண்டுபிடித்து, கேட்டு வாங்கி வந்து கதவைத் திறப்பதற்குள் விளையாடுகிற ஆசையே போய்விடும். பிள்ளைகள் அவ்வளவு தூரம் போய்க் கேட்கவும் மாட்டார்கள்.

நான் முதல் நாள் போர்டை வைத்து, பல்பு கட்டி, பவுடர் தூவி, பத்துப் பதினைந்து பையன்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் ரெட்டு ஒன்று. ரெட்டு போட்டால் மூன்று பாயின்ட், ஆனால் பின்னாலேயே சொந்தக் காய் ஒன்றைப் போட்டால்தான் அது சேரும், இல்லாவிட்டால் நடுவுக்குத் திரும்பும். ஒரு ஆட்டம் 25 பாயின்ட், இல்லாவிட்டால் எட்டு போர்டு, அதாவது எட்டுச் சுற்று. இதையெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். எல்லாப் பையன்களும் வந்திருந்தார்கள், இரண்டு பக்கத்துப் பையன்களும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரயிலில் வரும்போது வீட்டுக்காரியிடம் அரை மணி நேரம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். "பாக்கலாம்" என்றாள்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். பூட்டு. மச்சானை அனுப்பிச் சாவி வாங்கித் திறந்தால், போர்டின் மேல் நரநரவென்று ஏதோ. தொட்டுப் பார்த்தேன். கோலமாவு! பவுடர் தீர்ந்துவிட்டதாம். வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் வீட்டிலிருந்து கோலமாவை எடுத்து வந்து தூவியிருக்கிறான். அது அரிசி மாவாக இருந்திருந்தால் எறும்பு வந்ததோடு போயிருக்கும். இது கல்மாவு. ஸ்ட்ரைக்கர் போன வழியெல்லாம் கீறல். முப்பது வருஷம் வழவழவென்று இருந்த பலகை. நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அதை விடப் பெரிய சேதி பிறகுதான் வந்தது. நடுவில் ஒரு மாதம் சாவி மச்சான் கையில் இருந்திருக்கிறது. அப்போது ஊர்ப் பக்கத்துப் பையன்கள் வரவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்து மன்றத்துச் செயலாளர் கைக்குப் போயிருக்கிறது. அப்போது காலனிப் பையன்கள் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, யாரும் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. சாவி இருக்கிற வீட்டு வாசலில் போய் நின்று கேட்க வேண்டுமே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசியில் இரண்டு பக்கமும் சலித்துப்போய்ப் பழையபடி மோட்டார் போடுகிறவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். அவர் வரப்பில் இருக்கிறார்.

எங்கள் டீக்கடை ஆணி அன்றைக்குத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

என் மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எங்க குழுவுக்கும் எடம் இல்ல மாப்ள" என்றார். "தலைவி ஊட்டுத் திண்ணையில குந்தி எழுதறோம். மழை வந்தா நோட்டு நனையிது."

மகளிர் குழுவைப் பற்றி இங்கே நாலு வார்த்தை. தருமபுரியில் 1989-ல் தொடங்கியது இன்றைக்கு ஊர் ஊருக்கு வேர்விட்டிருக்கிறது. ஒரு குழுவில் பன்னிரண்டிலிருந்து இருபது பேர் வரைக்கும். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இரண்டு பேர். கூட்டத்துக்கு ஒரு நாள், சேமிப்புக்கு ஒரு தொகை, உள்கடனுக்கு ஒரு கணக்கு, பேசியதை எழுத ஒரு தீர்மான நோட்டு. நான் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். பதினோரு வருஷப் பொருளாளர் என்ற முறையில் சொல்கிறேன், வெட்கமாக இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. வராதவர் பெயர், ஏன் வரவில்லை, யார் கடன் எவ்வளவு பாக்கி, எல்லாம் இருக்கிறது. எங்கள் நீள நோட்டில் 'பவுடர், பல்பு, இதர' என்று எழுதியிருக்கும். இதரதான் பெரிய தொகை.

அவர்கள் குழுவின் ஊக்குநரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீடு நூலகத்துக்கு நேர் எதிரில். வாசலில் தையல் மெஷின். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். ரவிக்கை தைக்க ஊரிலிருந்தும் வருவார்கள், காலனியிலிருந்தும் வருவார்கள். அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் போவார்கள்.

கிராம சபை இப்போதெல்லாம் வருஷத்தில் ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த வருஷம் அக்டோபர் 2 கூட்டத்துக்கு என் மாமியாரும் குழுப் பெண்களும் போனார்கள். தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை நேரம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் பேசி முடித்து எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில் மாமியார், "லைப்ரரி சாவிய அந்தத் தையல்காரப் பொண்ணு கையில குடுங்க. நாங்க கூட்டிப் பெருக்கி வெக்கறோம். மாசத்துக்கு ரெண்டு நாள் எங்க கூட்டத்துக்கு மட்டும் எடம் வேணும்" என்றாராம். மோட்டார் போடுகிறவர் முதல் ஆளாகக் கை தூக்கியிருக்கிறார். பாவம், அவருக்கு எவ்வளவு நிம்மதி! நோட்டில் தீர்மானம் ஏறியது. சாவி தையல் மெஷின் டிராயருக்குப் போனது, ஊசி நூல்கண்டோடு.

இதெல்லாம் எனக்கு போனில்தான் தெரியும். அடுத்த பொங்கலுக்குப் போனபோது நேரில் பார்த்தேன். சாயங்காலம் நாலு மணியிலிருந்து பையன்கள் ஆடுகிறார்கள். நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், மூன்றரை மணிக்குப் பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள். அக்கா வாசலிலேயே இருப்பதால் வீட்டில் அனுப்புகிறார்கள். முதல் ஆட்டம் அவர்களுடையது, பையன்கள் வந்தாலும் போர்டு முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டேன். "நான்தான்" என்று அக்கா சொன்னார், பாபினைச் சுற்றிக்கொண்டே.

நவம்பரில் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியிருந்தது. பதினேழு வயது, எங்கள் பக்கத்துச் செரியன் நகர்ப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். தொலைக்காட்சியில் எல்லாம் காட்டியிருந்தார்கள். "மாமா, அந்தக்கா உங்க ஊராமே, பாத்திருக்கீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஒன்பதாவது படிக்கிறவள். நான் பார்த்ததில்லை என்று சொல்ல மனசு வரவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை. "எங்க வீட்டுலருந்து நடந்தே போவலாம்" என்றேன். அது உண்மைதான்.

வியாசர்பாடி இளவழகியைப் பற்றியும் சொன்னேன். 2008-ல் பிரான்ஸில் கான் நகரத்துக்குப் போய் உலகச் சாம்பியன் ஆகி வந்தவர். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே ஒன்று உறைத்தது. வடசென்னையிலிருந்து போய் உலகத்தை ஜெயித்து வந்தவர்கள் என்று நான் வாய் ஓயாமல் சொல்லுகிற இரண்டு பேரும் பெண்கள். எங்கள் கிளப் அறைக்குள் இத்தனை வருஷத்தில் ஆட வந்த பெண் ஒருத்தி கிடையாது. டீ கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்கள், புருஷனைக் கூப்பிட வந்து வெளியிலிருந்தே சத்தம் போடுவார்கள். என் மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளை நான் ஒரு நாள்கூட உள்ளே கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. டீக்கடை ஆணியில் எல்லோருக்கும் எட்டுகிற சாவி என்று மேலே எழுதினேனே, அந்த ஆணிக்கு முன்னால் பெஞ்சில் எப்போதும் பத்து ஆம்பிளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பொங்கலன்று டபுள்ஸ் போட்டி வைத்தோம். சீட்டுப் போட்டு ஜோடி சேர்த்தது அக்காவின் யோசனை. அவரவர் விருப்பத்துக்கு விட்டால் எப்படி ஜோடி சேரும் என்று அவருக்குத் தெரியும். ஒரு மடித்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்த பையன் ஒருவன் முகம் கொஞ்சம் மாறியது. ஒரு நிமிஷம் நின்றான். அப்புறம் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த ஜோடி முதல் சுற்றிலேயே தோற்றது. தோற்றதும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள், நீ ரெட்டை விட்டாய், நீ கட் ஷாட்டை விட்டாய் என்று. எனக்கு அது நன்றாக இருந்தது. நான் அம்பயர் என்பதால் சிரிக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஆடி வசூல் இன்னும் இரண்டு நோட்டில்தான் நடக்கிறது. அக்கா கும்பகோணத்துக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன ஒரு வாரம் நூலகம் பூட்டியே கிடந்தது. கோலமாவுக் கீறலும் போகவில்லை. மெழுகு தேய்த்துப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. அங்கே ஆடப் பழகியவர்களுக்கு அந்தக் கீறலில் காய் எப்படித் திரும்பும் என்று கணக்கு தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. அந்த ஒன்பதாவது பெண்ணோடு ஆடி 25-க்கு 11 என்று தோற்றேன். கீறலைக் காரணம் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மச்சானிடமிருந்து போன். பின்னால் நாலைந்து பிள்ளைகளின் சத்தம்.

"மாமா, ரெட்டு காணோம்."

"எப்படிடா காணும்?"

"தெரியல மாமா. ஆடு முழுங்கிடுச்சின்னு சொல்றாங்க. இப்ப ஒரு கறுப்புக் காய்க்கு நெய்ல் பாலிஷ் அடிச்சி ஆடிக்கினு கீறாங்க. அது பலகையில ஒட்டுது."

கிளப்புக்குப் போனேன். டீக்கடையில் கை நீட்டிச் சாவி வாங்கித் திறந்தேன். மகளும் கூட வந்தாள், வாசலில் நின்றவளை, "உள்ள வா, டார்ச்சு அடி" என்றேன். டிராயரில் மூன்று பழைய செட்டின் மிச்சம் கிடந்தது. வெள்ளை ஏழு, கறுப்பு பதினொன்று, ரெட்டு இரண்டு. ஒன்றில் ஓரம் சில்லு போயிருந்தது. நல்லதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெண்டர் பெட்டியில்தான் ஏறினேன். பழக்கமாகிவிட்டது. அதே சங்கராக் கூடை அம்மா இருந்தார்.

"இன்னா நைனா, இன்னிக்குப் பலகை இல்லியா?"

பையிலிருந்து ரெட்டை எடுத்துக் காட்டினேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்துக்கா இம்மாந் தூரம்?" என்றார்.

வண்டி மீஞ்சூரைத் தாண்டிக்கொண்டிருந்தது.